ஸ்டேசியா பேசி முடிச்ச பாட்டு

அப்பா,

மூச்சு எப்படி இருக்கு? "நல்லா இருக்கேன்"னு எழுதாதீங்க, டாக்டர் சொன்னதை டோலோரஸ் அக்கா எனக்கு எழுதிட்டா. நான் நல்லாத்தான் இருக்கேன். உதட்டுல சின்னக் காயம், அவ்வளவுதான்.

அந்தக் கப்பல் பாட்டை ஸ்டேசியா கீஃப்கிட்ட கத்துக்கிட்டதா சொல்வீங்களே, நீங்க கதை விடுறீங்கன்னுதான் நெனச்சேன். போன வாரம் இங்க ஆல்பர்ட்டாவுல, ஒரு பழைய சாமான் கடையில அவ பாடின இசைத்தட்டு கிடைச்சுது. உறையில நம்ம ஊர்ப் பேரும் இருக்கு. அதே பாட்டுதான்ப்பா.

வேலையாளுங்க தங்குற கேம்ப்ல போட்டுக் கேட்டோம். கடைசி வரி வந்ததும் அவ பாடுறதை விட்டுட்டு, உங்களை மாதிரியே சாதாரணமா பேசி முடிச்சா. என் ரூம்ல இருக்கிற டுவேன் சிரிச்சுட்டான்.

"என்னடா, கிழவிக்கு மூச்சு நின்னுடுச்சா?"

"எங்க நியூஃபவுண்ட்லாந்துல அப்படிப் பேசினாத்தான்டா பாட்டு முடிஞ்சுதுன்னு அர்த்தம்"னு சொல்லி ஒரு குத்து விட்டேன். அவனும் ஒண்ணு விட்டான். அப்புறம் அவனே, "சரி, இன்னொரு தடவை போடு"ன்னான்.

கம்பளிக் காலுறை ரெண்டு ஜோடி அனுப்புங்க. கொஞ்சம் கருவாடும். அப்படியே அந்தப் பாட்டை ஒரு டேப்புல பாடி அனுப்புங்க. நிறுத்தி நிறுத்திப் பாடினாலும் பரவாயில்ல.

வேலைக்குக் கூட்டிட்டுப் போற வண்டி ஹாரன் அடிக்குது. இருபதாம் தேதி லீவு, நேரா வந்துடுவேன். காலேஜை விட்டு ஓடினதுக்கு அப்போ ஆசை தீரத் திட்டுங்க.

டேப்புல கடைசி வரியை மட்டும் விட்டுடுங்க. நான் வர்ற வரைக்கும் அதைப் பேசிடாதீங்கப்பா.

லியோ