அடக்கம் தெரிந்தவர்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்குக் குறையில்லை, முழங்கால் வலி மட்டும் என்னைப் போலவே பிடிவாதமாக இருக்கிறது. நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக.

ஒரு பெயரை அடித்துவிடச் சொல்லி நம் சபைச் செயலாளருக்கு நீ அனுப்பிய பதிலைப் பார்த்தேன். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னும் வாசிக்கப் போகிறார்களாம். போதகரான நீ எழுதியது என்றால் அதற்குமேல் யார் வாய் திறப்பார்கள்? சனிக்கிழமைக்குள் உன்னிடமிருந்து வேறு வார்த்தை வர வேண்டும்.

நடந்ததில் பாதிதான் உன் காதுக்கு வந்திருக்கும். நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் குழுவுக்கு ஆள் தேடினார்கள். அறிவிப்புப் பலகை எழுதியது நான். ‘பொறுமை, உண்மை, அடக்கம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம்’ என்றுதான் செயலாளர் கொடுத்த தாளில் இருந்தது. எனக்கு அடக்கம் உண்டு என்று எவன் வந்து சொல்வான்? அதனால் ‘உள்ளவர்கள்’ என்பதை ‘தெரிந்தவர்கள்’ என்று மாற்றினேன். கடைப் பலகைகள் எழுதி எழுதியே படிப்பு வந்தவன் நான். யாரைக் கேட்டு மாற்ற வேண்டும்?

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவனை உனக்குத் தெரியும். எல்லாருக்கும் அவன் ‘மண்வெட்டி’. பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் செயலாளர் முன்னால் போய் நின்றான். “மத்த ரெண்டும் எங்கிட்ட எவ்வளவு இருக்குன்னு தெரியாதுங்க. அடக்கம் நல்லாத் தெரியும். இருபது வருஷமா பண்றேன்” என்றான். அறையே சிரிப்பில் அதிர்ந்தது. “நீ போய் நின்னா நோயாளி பயத்துலயே போயிடுவாரேப்பா” என்றார் செயலாளர். அவனும் சேர்ந்து சிரித்தான். ஆனால் பெயரை எழுதும்வரை நகரவில்லை.

அந்தப் பெயரை அடிக்கக் கூடாது என்று நிற்பவன் நான் ஒருவன்தான். என் பிழையை மறைக்க நிற்கிறேன் என்கிறார்கள். நீயோ, சீடனுக்குப் பேச்சு வேண்டும், படிப்பு வேண்டும், பார்க்க மதிப்பாக இருக்க வேண்டும் என்கிறாய். வலை அலசிக்கொண்டிருந்த மீனவர்களைக் கூப்பிட்டபோது ஆண்டவர் சான்றிதழா கேட்டார்?

ஒன்று சொல்கிறேன். இதை எழுத வேண்டாம் என்றே இருந்தேன்.

உன் அம்மாவின் அடக்கத்தன்று மழை. நீ வந்துவிடுவாய் என்று பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை காத்திருந்தோம். குழியில் நீர் ஊறிக்கொண்டே இருந்தது. அவள் தண்ணீரில் கிடக்கக் கூடாது என்று மண்வெட்டிதான் உள்ளே இறங்கி வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தான். ஐந்து மணி நேரம். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நீ வரவில்லை. இனி நீ என் பிள்ளையே இல்லை என்று கூட்டத்துக்கு முன் கத்தினேன். குழிக்குள்ளிருந்து அவன் நிமிர்ந்து பார்த்தான். “விடுங்க பெரியவரே. அவரும் எங்கயோ வழியில நின்னு அழுதுகிட்டுதான் இருப்பாரு” என்றான். உன் வேலையைப் பாருடா என்று அவனையும் திட்டினேன். அவன் அடுத்த வாளியை எடுத்தான்.

அதன்பின் இந்த மூன்று வருடத்தில் நீயும் நானும் நாலு வரிக்குமேல் எழுதிக்கொண்டதில்லை. அவன் பலகையைத் தவறாகப் படித்துவிட்டான் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இல்லை. அவன் சரியாகத்தான் படித்திருக்கிறான்.

எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்குவது உனக்குக் கஷ்டம். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கடிதமாகச் சொல்ல முடியாவிட்டால் நேரில் வந்து சொல். அம்மாவின் கல்லைச் சுற்றி ஒரு புல்கூட மண்ட விடாமல் வைத்திருக்கிறான். அதையும் பார்த்துவிட்டுப் போகலாம். அன்று நான் கத்தியது யார் மூலமாவது உன் காதுக்கு வந்திருந்தால், அது மழைச் சத்தம் என்று வைத்துக்கொள்.

கர்த்தர் உன் பிரயாணத்தைக் காப்பாராக. சனிக்கிழமை முழுவதும் வீட்டில்தான் இருப்பேன்.

உன் அப்பா