உதயசூரியன் அடித்த கோல்

கராச்சர்மா
12-11-1967

அன்பு மகன் அரசுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை சுசீலாவும் சௌக்கியம். கல்கத்தாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, அடிபடாமல் விளையாடி, நன்றாக இருக்க முருகனை வேண்டிக்கொண்டே இருக்கிறேன். போன கப்பலில் உன் கடிதம் வரவில்லை.

நம் ஊர் ஃபுட்பால் கிளப் இந்த வருஷம் ஃபைனலில் தோற்றுவிட்டது தம்பி. போன வருஷம் மரக் காண்ட்ராக்டர் ராஜமாணிக்கம் எல்லோருக்கும் பூட்ஸ் வாங்கிக் கொடுத்து, பையன்களுக்குத் தன் மரவாடியில் வேலையும் கொடுத்து, சாயங்காலம் பிராக்டீசுக்கு விட்டார், கப்பும் வந்தது. இந்த வருஷம் அவருக்குக் காண்ட்ராக்ட் கிடைக்கவில்லை, தீவை விட்டு மெயின்லேண்டுக்கே போய்விட்டார். பையன்கள் பெரார்கஞ்ச் பக்கம் கூலிக்குப் போனார்கள், பிராக்டீசுக்கு யார் வருவார்? மாசச் சம்பளத்துக்கு வேலை தருகிறோம் என்று டவுன் டீம்காரர்கள் உன் கூட்டாளி உதயசூரியனைக் கூட்டிக்கொண்டார்கள். ஃபைனலில் நமக்கு எதிராக இரண்டு கோலும் அவன்தான் அடித்தான். தின்ற உப்பை மறந்தவன், நமக்ஹராம் என்று நம் ஆட்கள் கத்தினார்கள். நானும் கோபத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

பொழுது சாயும்போது அவனே வந்து வாசலில் நின்றான். "அத்தை, நீங்களும் திட்டிருங்க, கேட்டுட்டுப் போறேன். அப்பா இழுப்பு வந்து படுத்துட்டார், வீட்ல அடுப்பு எரியணும்ல, க்யா கரே, என்ன பண்றது, சொல்லுங்க" என்றான். திட்டத்தான் வாயைத் திறந்தேன். என் பிள்ளையும் சம்பளத்துக்காகத்தானே கடல் தாண்டிப் போனான் என்று நினைத்ததும் அவனை உள்ளே கூப்பிட்டேன். உட்கார வைத்து மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டேன். தலை நிமிராமல் சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் வைக்கும்போதுதான் நினைத்தேன், உனக்கு இப்படிப் பரிமாறி இரண்டு வருஷம் ஆகிறதே. அன்றைக்கே நம் கிளப்பின் கையில் நாலு காசு இருந்திருந்தால் நீயும் இங்கேயே இருந்திருப்பாய். அப்பா வாய்விட்டுச் சொல்லமாட்டார், ஆனால் கப்பல் வருகிற நாளெல்லாம் ஜெட்டிக்குப் போய், இறங்குகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க மறக்காதே. உனக்குச் சம்பளம் தரும் அந்தக் கல்கத்தா கிளப்புக்கும் ஒருநாள் கை வறண்டு உன்னை வேண்டாம் என்று சொன்னால், வெட்கப்பட்டுக்கொண்டு அங்கேயே கிடக்காதே, கப்பல் ஏறி வந்துவிடு. நம்முடையது தோற்கிற டீம்தான், சம்பளமும் கிடையாது. ஆனாலும் நீ வந்து இறங்கினால் இந்த ஊரே கிரவுண்டுக்கு வரும், நான் முதல் ஆளாக வருவேன்.

நீடூழி வாழ வாழ்த்தும்
உன் அம்மா
விசாலாட்சி