பொங்கி வழிய விடாத பொங்கல்

மாமி,

இன்றைக்குக் கடை வாசலில் கஞ்சி அரிசிப் பெட்டிகளைக் குவித்து வைத்திருந்தார்கள். நத்தார்ப் பண்டிகை முடிந்துவிட்டது. டெனிஷ்காரர் பாலில் அவித்துக் கறுவாத்தூளும் சீனியும் தூவிச் சாப்பிடுகிற அந்தக் கட்டை அரிசியை இனி ஒருவரும் தேடமாட்டார்கள், அதனால் பாதி விலை. ஒரு பெட்டியை எடுத்துக் குலுக்கினேன். உள்ளே அரிசி சரிகிற சத்தம் கேட்டதும் உங்கள் குசினி கண்ணுக்குள் வந்தது. வெப்பக் குழாயின் மேல் காயப்போட்ட கம்பளிக் காலுறைகள், அடுப்புக்குப் பக்கத்தில் மாமாவின் வானொலி, மேல் தட்டில் இதே பெட்டி. "பச்சையரிசி கிடைக்காட்டி என்ன, இதுவும் குழையும்தானே" என்பீர்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாளை மறுநாள் பொங்கல். நீங்கள் இல்லாத முதல் பொங்கல்.

எங்களை அகதிகளாக இந்த ஹொல்ஸ்டெப்ரோ ஊரில் கொண்டுவந்து இறக்கியபோது நாங்கள் எல்லாரும் இருபது வயதுக்குக் கிட்டவான பெடியன்கள். மொழிப் பள்ளிக்கூடத்தின் கடைசி வரிசை வாங்கில் நீங்களும் மாமாவும் மட்டும்தான் நரைத்த தலைகள். கொழும்புக் கலவரத்தில் உங்கள் வீடு எரிந்த பிறகு மகனோடு வந்தவர்கள் நீங்கள். மகனுக்குத் தலைநகர்ப் பக்கம் டோஸ்ட்ருப்பில் வேலை கிடைத்தது, போய்விட்டார். கூட வரச் சொல்லி ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் கெஞ்சினார். "இன்னொருக்கா வீடு மாற என்னால ஏலாது" என்று சொல்லிவிட்டு இரண்டு அறை வீட்டில் மாமாவோடு இருந்துவிட்டீர்கள்.

இந்த ஊரில் வயது போன தமிழ்ப் பெண் நீங்கள் ஒருவர்தான். அது போதாதா எங்களுக்கு? ஆருக்காவது காய்ச்சல் என்றால் மாமி ரசம் வைப்பா. ஆருக்காவது வேலை கிடைத்தால் மாமி வடை சுடுவா. தமிழ்ச் சங்கம் தொடங்கியதும் முதல் பொங்கலுக்கும் மாமிதான். பள்ளிக்கூடத்துப் பெரிய கிடாரத்தில், காலையிலிருந்து நின்றபடி கிண்டினீர்கள். மண்டபத்தில் எங்கள் தலைவர் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தமிழர் நன்றி மறவாதவர்கள், உழவனுக்கும் சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்லுகிறவர்கள் என்று முழங்கினார். அடுப்படியில் நின்றவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் தின்று முடிந்த பிறகு, கட்டியாகிப் போன மிச்சத்தை மரக்கரண்டியால் சுரண்டி, நின்ற நிலையிலேயே நீங்கள் வாயில் போட்டதை நான் கண்டேன். கால் வீங்கிச் சப்பாத்துக்குள் போகவில்லை. குதியை மடித்து மிதித்துக்கொண்டு பனிக்குள் நடந்து போனீர்கள்.

அடுத்த வருஷக் கூட்டத்தில் தலைவர் அண்ணை எழும்பி, "இந்த முறையும் மாமிதான்" என்றார். கைதட்டினார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கவே இல்லை. பொங்கலன்று காலை என்னைக் கூப்பிட்டு, "பன்னிரண்டு மணிக்குக் கார் வரும், மாமியை வெளிக்கிட்டு நிக்கச் சொல்லு" என்று அனுப்பினார்.

நான் வந்தபோது வெளியே இன்னும் இருட்டு. கதவைத் திறந்தவர் மாமா. இரவு உடுப்பு, அதன் மேல் உங்கள் பூப்போட்ட சமையல் துணி. நீங்கள் சோபாவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, காலைத் தூக்கி முக்காலி மேல் போட்டிருந்தீர்கள். ஜன்னலில் ஒரு மெழுகுதிரி எரிந்தது. கோலம் இல்லை, தோரணம் இல்லை. குளித்த மாதிரியும் தெரியவில்லை.

"மாமி, இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

"எங்க வெளிக்கிட?"

"பொங்கலெல்லே!"

"ஓம், பொங்கல்தான். இண்டைக்கு மாமா பொங்குறார். நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

குசினியிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "பாக்கிறாவோ? அங்கயிருந்து கட்டளை போடுறா, தம்பி. உப்புப் போடு, பயறைக் கழுவு. ஆமியில இருந்திருக்கவேண்டிய ஆள்."

"சூரியன் இன்னும் வரேல்லையே?" என்றேன்.

"வரேக்க வரட்டும்" என்றீர்கள். "அவருக்கும் குளிர்தானே. ஆறுதலாய் எழும்பட்டும்."

கார் வரப்போகிற செய்தியைச் சொன்னேன். உங்கள் முகம் ஒன்றும் மாறவில்லை. காலை மட்டும் முக்காலியிலிருந்து இறக்கினீர்கள். சொன்னதும் எழும்பிப் பழகிய கால்கள். மாமா அகப்பையோடு வந்து வாசற்படியில் நின்றார்.

"ஆர் சொன்னது அவ வாறா எண்டு?"

"கூட்டத்தில, மாமா. எல்லாரும் கைதட்டினவை."

"கைதட்ட முதல் இவவைக் கேட்டவையோ?"

நீங்கள்தான் பேசினீர்கள், என்னைப் பார்த்து அல்ல, மெழுகுதிரியைப் பார்த்து. "கலியாணம் கட்டின நாளில இருந்து பொங்கலெண்டா விடிய முதல் எழும்புறன். மாமியார் வீட்டில, பிறகு என்ர வீட்டில, பிறகு இஞ்ச உங்களுக்கு. சுடச்சுட ஒரு வாய் நான் திண்டதில்லை. எல்லாருக்கும் குடுத்து முடிய, எனக்கு வாறது ஆறினது. ஒருக்கா இருந்து திண்டு பாக்கவேணும் போல கிடக்கு. வேற ஒண்டுமில்லை, தம்பி."

"இஞ்சரும்," என்றார் மாமா, "நீர் காலைத் தூக்கி மேல போடும். கார் வந்தா நான் கதைக்கிறன்."

பால் கொதிக்கத் தொடங்கியது. முதல் அரிசியை வீட்டுத் தலைவர் அள்ளிப் போடுவதுதான் வழக்கம். மாமா அரிசிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்கு ஓடி வந்தார். "போடும், போடும், பால் எழும்புது!" நீங்கள் எழும்பப் பார்த்தீர்கள். "எழும்பாதையும் எண்டெல்லே சொன்னனான்!" இருந்த இடத்திலேயே ஒரு கை அரிசியை அள்ளி, மூன்று தரம் காற்றில் சுற்றி, அவர் நீட்டிய சின்னத் தட்டில் போட்டீர்கள். அவர் அதைக் கோயில் பிரசாதம் மாதிரி ஏந்திக்கொண்டு குசினிக்குத் திரும்ப ஓடினார். நீங்கள் போர்வைக்குள் சிரிப்பில் குலுங்கினீர்கள்.

"பொங்குது!" என்று அங்கேயிருந்து கத்தினார்.

"வழிய விடாதேங்கோ! தூக்குங்கோ சட்டியை! அந்த அடுப்புத் தட்டைப் பிறகு ஆர் சுரண்டுறது?"

எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. என் அம்மாவும் அத்தைமாரும் பானை எந்தப் பக்கம் வழிகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்து நின்றவர்கள். "மாமி, வழிஞ்சால்தானே நல்லது?" என்று கேட்டுவிட்டேன்.

"நாங்களும் வருஷா வருஷம் பாத்தனாங்கள்தான்" என்றீர்கள். "அந்த வருஷம் கிழக்குப் பக்கமாய் வழிஞ்சுது. அயலெல்லாம் கூப்பிட்டுக் காட்டினனான். ஆடி மாசம் வீடு எரிஞ்சுது."

கொழும்பைப் பற்றி உங்கள் வாயால் நான் கேட்டது அது ஒன்றுதான். சொல்லிவிட்டு, "கஜுப் பருப்பைக் கருக விட்டிடாதேங்கோ" என்று குசினிப் பக்கம் குரல் கொடுத்தீர்கள்.

மாமா முதற்கிண்ணத்தை உங்களிடம் கொண்டுவந்து தந்தார். சுவாமிப் படத்துக்குக் கூடப் பிறகுதான் வைத்தார். ஆவி பறந்தது. நீங்கள் ஊதவே இல்லை. ஒரு பெரிய கரண்டியை வாயில் போட்டீர்கள், கண் கலங்கிவிட்டது. "ஐயோ, நாக்கு வெந்துபோச்சு!" என்று கையால் வாய்க்குள் விசிறிக்கொண்டு சிரித்தீர்கள். அவ்வளவு வயது போன ஒருவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாமா ஒரு கிண்ணத்தோடு உங்கள் பக்கத்தில் இருந்தார். இருவரும் ஒரு போர்வையைக் காலில் போட்டுக்கொண்டு, ஒன்றும் கதைக்காமல் சாப்பிட்டீர்கள். எதிர்வீட்டுக் கூரைக்கு மேல் வானம் வெளுத்ததே தவிர, சூரியன் வரவில்லை. ஒருவரும் கவலைப்படவுமில்லை.

பன்னிரண்டு மணிக்குத் தலைவர் அண்ணை வந்தார். கழுத்துப்பட்டி கட்டி, மேலே நீளக் கோட்டு. உங்கள் காலையும் மாமாவின் பூப்போட்ட துணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாமி, எண்பது பேர் உங்களைத்தான் நம்பிக்கொண்டிருக்கினம்."

"எண்பது பேருக்கும் கை இருக்குத்தானே, தம்பி?"

"பொம்பிளைக் கை படாமல் ஒரு பொங்கலோ? எங்கட கலாசாரம் என்ன ஆகிறது?"

"இஞ்ச இண்டைக்கு ஆம்பிளைக் கைதான் பட்டது" என்றார் மாமா. "பொங்கல் பொங்கலாய்த்தான் கிடக்கு. இரும், ஒரு வாய் திண்டு பாரும்."

அவர் இருக்கவில்லை. படியிறங்கும்போது என்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "ஊரில சனம் சாகுது. இவைக்குச் சோபாவில இருந்துகொண்டு பொங்கல்."

"ஊரில சனம் சாகுதெண்டா, அதுக்கு மாமி ஏன் மண்டபத்தில அவியவேணும்?" என்று கேட்டேன். என் சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டிருக்கும். உங்களுக்கும் கேட்டிருக்கும். நாங்கள் இரவில் கோழித் தொழிற்சாலையின் தரை கழுவுகிறவர்கள். டெனிஷ்கார மேற்பார்வையாளன் விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டால் வீட்டுக்கு வந்து அவனை விடிய விடியத் திட்டுகிறவர்கள். அதே நாங்கள்தான் உங்களைக் கேட்காமலே உங்களுக்குக் கார் அனுப்பினோம். எனக்கு ஆத்திரம் அந்த மனிதரில் மட்டும் இல்லை.

அன்றைக்கு மண்டபத்தில் பெடியன்கள்தான் பொங்கினோம். அடி கரிந்தது, நடு வேகவில்லை. அடுத்த நாள் வந்து சொன்னபோது நீங்கள் கேட்டது ஒன்றே: "மிச்சம் கிடந்ததோ?"

"இல்லை மாமி. துடைச்சுத் திண்டிட்டாங்கள்."

"பிறகென்ன. இனி நான் தேவையில்லை."

எத்தனையோ வாரம் சிலர் உங்களைக் கண்டு முகத்தைத் திருப்பினார்கள். 'மாமி டெனிஷ்காரி ஆகிட்டா' என்று கடையில் உங்களுக்குக் கேட்கத்தக்கதாகவே ஒருவன் சொன்னான். "அவையள் காலை நீட்டிக்கொண்டு இருக்கினம்தான், கெட்ட பழக்கமில்லை" என்று சொல்லிவிட்டு, பால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். மூன்றாம் மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினீர்கள். நெஞ்சு பலவீனம் என்று மாமாவுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கு நீங்கள் சொல்லவில்லை.

இலையுதிர் காலத்தில் நீங்கள் போனபோது அதே ஆட்கள்தான் அழுதார்கள். முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்தில் தலைவர் அண்ணை பேசினார். அன்னபூரணி என்றார். ஓயாத கை என்றார். பசித்து வந்தவனுக்கு அந்த வீட்டில் அடுப்பு அணைந்ததில்லை என்றார். நினைவு மலருக்கு இதையே நான் எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டார். மறுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த மாமா தலையைக் குனிந்தபடி மெல்லச் சொன்னார்: "அவவுக்குச் சமையல் பிடிக்காது, தம்பி. ஒரு நாளும் பிடிச்சதில்லை. எனக்கே இஞ்ச வந்த பிறகுதான் சொன்னவ."

அதைக் கேட்ட பிறகு, எத்தனை தரம் உங்கள் ரசமும் வடையும் சாப்பிட்டேன் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறேன். நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்டாலும் நீங்கள் சிரிப்பீர்கள்.

நேற்றுச் சங்கக் கூட்டம். அகதி முகாமிலிருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண் புதிதாக வந்திருக்கிறாள். வயது என்னை விடக் குறைவு. "அந்தப் பிள்ளைக்கு நல்லாய்ப் பொங்கத் தெரியுமாம்" என்றார் தலைவர் அண்ணை. சிலர் கைதட்ட ஆயத்தமானார்கள்.

நான் எழும்பினேன். "அவவைக் கேட்டனீங்களோ?"

"கேக்கிறதுக்கு என்ன கிடக்கு? சந்தோஷமாய்ச் செய்வா."

"கேட்டனீங்களோ, இல்லையோ?"

கூட்டம் கசமுசா என்றது. அப்படியானால் ஆர் பொங்குவது, முந்தின முறை தின்ற கரி போதாதா என்று ஒருவன் நக்கலடித்தான். நான் பொங்குவேன் என்றேன். சிரித்தார்கள். பின்வரிசையில் மாமா கையை உயர்த்தினார். அவர் கூட்டத்தில் பேசி ஒருவரும் கேட்டதில்லை.

"அவ போய் எனக்கு இன்னும் ஆண்டு திரும்பேல்லை. பானையில கை வைக்கமாட்டன்" என்றார். "கதிரை போட்டு வெளிய இருந்து சொல்லிக் குடுக்கிறன். பெடியள் செய்யட்டும். அந்தப் பிள்ளை குழந்தையோட வந்து இருந்து சாப்பிடட்டும். முதற்கிண்ணம் அவவுக்கு. ஆற முதல் குடுக்கவேணும்."

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்கமாட்டார். என்னைப் பார்த்தார். நானும் சொல்லவில்லை.

மண்டபத்தில் அவர்கள் உங்களைப் பற்றி இன்னும் நிறையப் பேசுவார்கள், மாமி. பேசட்டும். ஆனால் நாக்கை வேகவைத்துக்கொண்டு நீங்கள் சிரித்த அந்தச் சிரிப்பை நான் ஒருவருக்கும் கொடுக்கப்போவதில்லை. கொடுத்தால் அதையும் ஒலிவாங்கிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். அது எனக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும்.