இரண்டு காற்றுப்பை, ஒரு தாங்கி தண்ணீர்

செப். 3, புதன்

சோளகக் காற்று இன்னும் விடவில்லை. முற்றமெல்லாம் புழுதி. காலையில் பிக்கப்பின் பின்னால் கமக்காரர் சங்கத்துத் தண்ணீர் ட்ரெய்லரைக் கொளுவிப் பார்த்தேன். ஆயிரம் லீற்றர். தாங்கி நிரம்ப நிரம்ப வாகனத்தின் பின்பக்கம் தாழ்ந்துகொண்டே போனது. கடைசியில் முன்விளக்கு இரண்டும் பனை உச்சியைப் பார்த்தன.

அச்சுவேலிச் சந்தி வரை மெதுவாக ஓட்டினேன். ஸ்டியரிங் பஞ்சுபோல. சீசோவில் ஒரு பக்கம் பெரிய ஆள் இருந்தால் மறுபக்கத்துப் பிள்ளை அந்தரத்தில் நிற்கும். என் முன்சில்லுகள் இப்போது அந்தப் பிள்ளை. தெருவைத் தொடுகின்றன, பிடிக்கவில்லை. திரும்பிவிட்டேன். தண்ணீரை வெங்காயத்துக்கே விட்டோம்.

மனைவி மலர் கேற்றடியில் நின்று பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உது மாடு படுக்கப்போற மாதிரியெல்லோ குந்துது. உதோடையோ தொண்டைமானாறு போகப்போறியள்?"

போகத்தான் வேண்டும். அவளுடைய தங்கை இந்திராவின் கிணறு இந்த வருடம் முற்றாக உவர். நாற்பது தட்டில் மிளகாய் நாற்று. இலை நுனி கருகுகிறதாம், சந்தையில் கேள்விப்பட்டேன். புருஷன் போன பிறகு இந்திராவுக்கு அந்த நாற்றுத்தான் சீவியம். மாரி மழைக்கு முன் கமக்காரர் வந்து எடுப்பார்கள். இந்த முறை கருகலைக் கொடுத்தால் அடுத்த முறை ஒருவரும் வாசலுக்கு வரமாட்டார்கள். இன்னும் மூன்று கிழமைக்கு நல்ல தண்ணீர் வேண்டும். ஒரு தாங்கி இரண்டு நாளுக்குப் போதும்.

மலரிடம் நேற்று இதைச் சொன்னபோது மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டி முடித்துக் கையைக் கழுவினாள். பிறகு, "கொண்டுபோய்க் குடுங்கோ. நான் சொன்னதெண்டு மட்டும் சொல்லாதையுங்கோ."

அக்காவும் தங்கையும் கதைத்துப் பதினொரு வருடம்.

செப். 4, வியாழன்

வெயில். கால் உளைவு.

விஷயத்தை ஒழுங்காக எழுதி வைத்தால் யோசிக்கச் சுகம். எங்கள் கிணறு சீதனக் கிணறு. மாமி காணி உறுதி எழுதும்போது மலருக்கு அரைப்பங்கு, இந்திராவுக்கு அரைப்பங்கு. இறைப்பு முறை ஒன்றுவிட்ட ஒருநாள். ஒருநாள் அக்காவுடையது, மறுநாள் தங்கையுடையது. இந்திரா அப்போது இங்கே ஒரு துண்டுக் காணியில் மிளகாய் வைத்திருந்தாள். ஒரு காலை தன் முறைக்கு வந்தபோது மலரின் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வெங்காயம் வாடுகிறதே, ஒருநாள்தானே என்று மலர் போட்டுவிட்டாள். இந்திரா வந்து மோட்டரை நிற்பாட்டினாள். வாய் தடித்தது. "தண்ணி வேணுமெண்டால் இஞ்சை வந்து குடியிரு" என்றாள் மலர். "இனி உந்தக் கிணத்திலை ஒரு செம்பு அள்ளமாட்டன்" என்றாள் இந்திரா. அள்ளவில்லை.

பி.ப. யூட்டின் கராஜ். என்னிலும் பத்து வயது குறைவு. வாய் மட்டும் இருபது வயது கூட. வாகனத்துக்குக் கீழே படுத்தபடியே கதை.

"மாஸ்டர், பின் வில்லுத் தகடு களைச்சுப்போச்சு. உங்களைப் போல அதுவும் பென்சன்."

"இன்னொரு தகடு போடலாமோ?"

"போடலாம். ஆனா வெறுமையா ஓடேக்கை உங்கடை முதுகு முறியும். எயார் பாக் போடுவம். ரெண்டு ரப்பர்ப் பை. அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவிலை இருக்கும். பாரம் ஏத்தேக்கை காத்தடியுங்கோ, இறக்கினாப்போலை குறையுங்கோ."

"அப்ப பாரம் குறையும்."

"பாரம் எங்கை குறையிறது! பை தூக்கிப்பிடிக்கும், அவ்வளவுதான். வாகனம் நிமிந்து நிக்குதெண்டு ஆயிரத்தை ரெண்டாயிரம் ஆக்கிப்போட்டு எனக்குக் கோல் எடுக்கக்கூடாது."

தாங்கியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் என்ன என்று கேட்டேன். கூடத் தள்ளினால் ட்ரெய்லர் வாலாட்டும் என்றான். சரியான பதில். பரீட்சைத் தாளாக இருந்தால் முழுப் புள்ளி.

வேண்டியவை: பை 2. தாங்கு தகடு 4. நைலோன் குழாய். காற்று அளக்கிற மானி (என்னிடம் உள்ளது பொய் சொல்கிறது). மலருக்கு முதுகுத் தைலம்.

செப். 6, சனி

காற்றுக் குறைவு, புழுக்கம். காலை எட்டரையிலிருந்து கராஜில்.

பை பூசணிக்காய் அளவு. சைலன்சருக்குக் கிட்டக் குழாய் போகாமல் யூட் சுற்றி எடுத்தான், சூட்டில் உருகிவிடுமாம். எல்லாம் நல்லாய்ப் போனது, குழாய் இணைக்கும் இடம் வரை.

"ரெண்டு பைக்கும் ரெண்டு குழாய், ரெண்டு வாய். நம்பர் தகட்டுக்குப் பக்கத்திலை வைப்பம்" என்றான்.

நான் மறுத்தேன். இரண்டையும் நடுவில் ஒன்றாக இணைத்து ஒரே வாயால் காற்றடித்தால் இரண்டு பக்கமும் எப்போதும் சமம். சோக்கட்டி வாங்கி கராஜ் நிலத்தில் படம் கீறிக் காட்டினேன். இணைந்த பாத்திரங்கள், ஒரே மட்டம்.

"சமம் வேண்டாம் மாஸ்டர். அந்தந்தப் பக்கம் தன்ரை பாட்டிலை நிக்கவேணும்."

"அப்ப நான் முப்பத்தொரு வருஷம் படிப்பிச்சது பிழையோ?"

"நீங்கள் படிப்பிச்சது மேசையிலை இருக்கிற பாத்திரம். இது வளைவிலை திரும்பிற பாத்திரம்." சிரித்தான். "சரி, உங்கடை வாகனம். கிணத்துக்கே பங்கு எழுதிற ஆக்கள், காத்துக்கு எழுதாமல் விடுவியளே."

நான் சொன்னபடியே செய்தான். மானியில் முப்பது இறாத்தல் காற்று. வாகனம் எழும்பி மட்டமாக நின்றது. மகிழ்ச்சி. வரும் வழியில் என் கெட்டித்தனத்தை இரண்டு பேரிடம் சொன்னேன்.

மலர் கண்ணூறு படாமல் சில்லுகளுக்குக் கீழே நாலு தேசிக்காய் வைத்தாள். நாளைக்கே தண்ணீர் கொண்டு போகிறேன் என்றேன்.

"நாளைக்கு வேண்டாம். திங்கள் போங்கோ."

ராகு காலமோ என்னவோ. கேட்கவில்லை.

செப். 8, திங்கள்

நல்ல வெயில். எழுதக் கை கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

விடிய மலர்தான் மோட்டரைப் போட்டாள். தாங்கி விளிம்பு வரை. ஐம்பது இறாத்தல் காற்றடித்தேன்; வாகனம் மட்டம், விளக்கு மட்டம். நேர் தெருவில் அருமை. முன்சில்லு தெருவைப் பிடித்திருந்தது.

கடல்நீரேரிக்குக் கிட்ட வலப்பக்க வளைவு. வாகனம் இடப்பக்கம் சரிந்தது. சரிந்து நிமிராமல் இன்னும் சரிந்தது. அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. பாரம் விழுந்து நசுங்கிய இடப் பையின் காற்று முழுக்க, குழாய் வழியே வலப் பைக்கு ஓடுகிறது. தாங்க வேண்டிய பக்கம் வெறுமையாக, தேவையில்லாத பக்கம் ஊதி எழும்புகிறது. இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்று நான் போட்ட வழி.

இடச்சில்லு தார் விளிம்பை விட்டு மணலில் இறங்கியது. ட்ரெய்லர் துள்ளி மூடி திறந்து தண்ணீர் தெருவில். எதிரே ஒரு மோட்டார் சைக்கிள்காரர். நல்ல காலம், தூரத்தில் நின்றுவிட்டார். "ஐயா, காயமில்லைத்தானே? றோட்டுக்கு இறைக்கிறியளோ?" என்றார். மூடியை இறுக்கிவிட்டுச் சில்லை மெல்லத் தாருக்கு ஏற்றினேன்.

பாதித் தாங்கியுடன் ஊர்ந்து போனேன். பாதி, முழுவதைவிடக் கெட்டது. தண்ணீர் உள்ளே முன்னும் பின்னும் அடிக்கிறது.

இந்திரா வாசல் படலையில் நின்றாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. "வாங்கோ அத்தான்." முதலில் தேத்தண்ணி. பிறகு நாற்றுப் பந்தலைக் காட்டினாள். பன்னிரண்டு தட்டு கருகிவிட்டது. மிச்சத்துக்கு மூன்று நாலு நாள் தவணை.

குழாயை எடுத்தேன். கையைப் பிடித்து நிற்பாட்டினாள்.

"இது ஆரின்ரை முறையிலை எடுத்த தண்ணி?"

"என்னம்மா?"

"என்ரை முறையிலை எடுத்ததெண்டால் இறக்குங்கோ. அது என்ரை தண்ணி. அக்காவின்ரை முறையிலை எடுத்ததெண்டால் கொண்டுபோங்கோ. எனக்குப் பிச்சைத் தண்ணி வேண்டாம்."

பதினொரு வருடம் எவரும் எண்ணாத முறை. இன்று யாருடைய நாள்? எனக்கு எப்படித் தெரியும்? உம்முடையது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நாற்று குடித்திருக்கும். தெரியாது என்றேன்.

"அப்ப தெரிஞ்சுகொண்டு வாங்கோ. கோவியாதையுங்கோ அத்தான்."

தண்ணீரோடு திரும்பினேன்.

செப். 9, செவ்வாய்

மப்பு. மழை இல்லை.

மு.ப. யூட்டிடம். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. வாகனத்தைச் சுற்றி வந்து மணலில் இறங்கிய சில்லைக் கையால் தட்டிப் பார்த்தான். "ஆள் தப்பினீங்கள், அது காணும்" என்றான். நடு இணைப்பை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு குழாய், இரண்டு வாய். கடைசியில்தான் பகிடி வந்தது: "மாஸ்டர், நிலத்திலை நீங்கள் கீறின படம் அப்பிடியே கிடக்கு. அழிக்கட்டோ, பாடமா வைச்சிருக்கட்டோ?" நானே தும்புத்தடியால் கூட்டி அழித்தேன்.

மத்தியானம் பழைய நாட்குறிப்புகளை இறக்கினேன். சண்டை நடந்த நாளை எழுதியிருக்கிறேன். அது இந்திராவின் முறை. அதிலிருந்து இன்று வரை நாள் எண்ணினால் ஒற்றையா இரட்டையா என்று தெரியும். இரட்டை என்றால் இந்திராவின் நாள். பெப்ரவரி இருபத்தொன்பது வந்த வருடங்கள் மூன்று. இரண்டு தரம் எண்ணினேன், இரண்டு விடை.

மலர் தேத்தண்ணியோடு வந்தாள். மேசை நிறையக் கொப்பி.

"என்ன தேடுறியள்?"

சொன்னேன். இந்திரா கேட்டதையும் சொன்னேன். கோப்பையை வைத்தாள்.

"அதுக்கு ஏன் உவ்வளவு கொப்பி? நேற்று அவளின்ரை. இண்டைக்கு என்ரை. நாளைக்கு அவளின்ரை."

"எப்பிடித் தெரியும்?"

"எப்பிடியெண்டால்? நான் எண்ணுறதை விட்டால்தானே."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. அந்தச் சண்டைக்குப் பிறகு இந்திராவின் முறையில் ஒருநாளும் மோட்டர் போட்டதில்லை. வெங்காயத்துக்குத் தன் நாளில் மட்டும். மேல் தாங்கியும் தன் நாளில்தான் நிரப்புவாள். மற்ற நாளில் குளிக்க, குடிக்க, பூங்கன்றுக்கு, எல்லாம் வாளி. காய்ச்சல் வந்த நாளிலும். திங்கள் போகச் சொன்னதும் அதற்குத்தான். நேற்று விடிய மோட்டர் போட்டது இந்திராவின் தண்ணீரை இந்திராவுக்கு எடுக்க.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல என்ன இருக்கு? நாந்தானே பிழை விட்டனான்."

நான் இதே வீட்டில்தான் இருந்தேன். ஒன்றுவிட்ட ஒருநாள் இறைப்பதைத் தினமும் பார்த்தேன். வேர் மூச்சுவிட ஒருநாள் இடைவெளி வேண்டும், எங்கள் வீட்டு வெங்காயத்தைப் பாருங்கள் என்று வகுப்பில் உதாரணம் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை அல்ல. வாளியால் அள்ளுவதை உடற்பயிற்சி என்று நினைத்தேன். முதுகுத் தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

இரவுச் சாப்பாடு புட்டு.

செப். 10, புதன்

காலையில் இலேசாகக் காற்று. இந்திராவின் நாள்.

மலர் மோட்டரைப் போட்டாள். நான் ஒவ்வொரு பைக்கும் தனித்தனியே காற்றடித்தேன். இடப்பக்கம் ஐம்பத்திரண்டு, வலப்பக்கம் ஐம்பது. தெரு இடப்பக்கம் சரிவு. அதே வளைவு. இருபது கிலோமீற்றர் வேகத்தில் எடுத்தேன். வாகனம் கொஞ்சம் சாய்ந்தது, நின்றது, நிமிர்ந்தது.

இந்திரா படலையைத் திறக்கவில்லை. உள்ளே நின்றே கேட்டாள்.

"தெரிஞ்சுதோ?"

"இண்டைக்கு உம்மடை நாள். திங்களும் உம்மடைதான்."

"ஆர் சொன்னது?"

மலர் கேட்டுக்கொண்டதை மீறினேன். எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டர், வாளி, காய்ச்சல் நாள் எல்லாம். படலையின் கொளுக்கியைப் பிடித்தபடியே கேட்டாள். நாற்றுப் பந்தல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கொளுக்கியை எடுத்துப் படலையை அகலத் திறந்தாள். ட்ரெய்லர் உள்ளே போகிற அளவுக்கு.

முக்கால் மணித்தியாலம் தண்ணீர் இறக்கினோம். பூவாளியால் தானே ஊற்றினாள், தட்டுத் தட்டாக. இருபத்தெட்டுத் தட்டு. வெறுந்தாங்கி, பைகளில் காற்றைக் குறைத்தேன். புறப்படும்போது ஜன்னலடிக்கு வந்தாள்.

"அத்தான், அக்காவிட்டைச் சொல்லுங்கோ. என்ரை நாளிலையும் மோட்டரைப் போடட்டாம். இந்த வயதிலை வாளி பிடிச்சு முதுகு முறிஞ்சால் ஆர் பாக்கிறது? நான் சொன்னதெண்டே சொல்லுங்கோ."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னேன். மலர் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாளி.

"ஓமோ? உவள் ஆர் எனக்குச் சொல்ல?"

தோய்த்த சேலையைப் பிழிந்தாள். கொடியில் போட்டாள். ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

"நாத்து எவ்வளவு உயரம் வந்திட்டுது?"