கையெழுத்துத் தாள்

அன்பு மகள் சொனாவுக்கு அம்மா எழுதுவது. முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, ஒரு வருடத்துக்கென்று நீ போன கனடாவில் பனி தொடங்கிவிட்டதாமே, நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. போனில் சொல்வதை விட்டு ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்பாய், அதற்குள் கடையில் ஆள் வந்து நிற்கும். நம் ஊர் குன்சானில் இப்போது சுவருக்கு மட்டுமல்ல, கிம்ச்சிச் சாடிக்கும் காது இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன் சபையில் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போட்டோம், முந்நூறு கோஸ், முப்பது பெண்கள், எல்லோருக்கும் முழங்கை வரை மிளகாய் விழுது. நடுவில் பெண்கள் சங்கத் தலைவி காங் அம்மாள் ஒரு தாளை அட்டையில் செருகிக்கொண்டு வந்தாள். மேலே கொட்டை எழுத்தில் உன் ஆராய்ச்சியின் பெயர், தோழியோடு வாழ்ந்த மூத்த பெண்கள் என்று. நடத்துகிறவர் பேராசிரியர் நோ என்று உன் அப்பாவின் குடும்பப் பெயர் மட்டும், மீதிப் பெயரை மறைத்து இரண்டு வட்டம். வரிப்பணத்தில் குடும்பத்தைக் கெடுக்கிற வேலை நடக்கிறது, அரசு மானியத்தை நிறுத்த வேண்டும், பேட்டி கொடுத்துப் பணம் வாங்கியவர்கள் யார் யார் என்று பல்கலைக்கழகம் பட்டியலைக் காட்ட வேண்டும் என்றெல்லாம் எழுதி, கீழே கையெழுத்துக்குக் கட்டம் போட்டிருந்தது. கையெல்லாம் மிளகாய் என்று சொல்லி நான் நழுவப் பார்த்தேன். அவளே என் கையுறையைப் பிடித்து உருவினாள். “என்ன சொனா அம்மா, இவ்ளோ யோசன? பேர்தான எழுதப் போற, சொத்தையா எழுதி வைக்கப் போற” என்றாள், எல்லோரும் சிரித்தார்கள். அந்த நோ உன் மகள்தானா என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூட எனக்கு இத்தனை பயம் வந்திருக்காது. முப்பது பேர் பார்க்க நான் கையெழுத்துப் போட்டேன் சொனா. போடாமல் இருந்தால் அதுவே வாக்குமூலம் ஆகிவிடும் என்று தோன்றியது. இப்போது வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு காங் அம்மாள் மூன்று முறை கடைக்கு வந்துவிட்டாள். எதையும் வாங்குவதில்லை. டப்பா மூடிகளில் நான் எழுதி ஒட்டுகிறேனே, பூண்டு ஊறுகாய், நெத்திலி வறுவல் என்று, அதை ஒவ்வொன்றாகக் குனிந்து படிக்கிறாள். “ஒங் கையெழுத்து தனி தினுசு, எங்க பாத்தாலும் சட்டுனு தெரிஞ்சிடும்” என்றாள் நேற்று. சபைக்கு ஞாயிறுதோறும் அனுப்பும் பலகாரம் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. காலையில் கடைக் கதவைத் திறக்கும்போது முதலில் தெருவின் இரண்டு பக்கமும் பார்க்கிறேன், எதைப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

முந்தாநாள், பேட்டிகளை எடுத்த உன் மாணவி சேரிம் ஜொன்ஜு பல்கலைக்கழகத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். பாவம், வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். உன் ஆராய்ச்சி அறிக்கையில் பேட்டி கொடுத்த இருபத்திரண்டு பேரும் வெறும் எண்கள்தான், ஆனால் மானியப் பணம் என்பதால் ஐம்பதாயிரம் வோன் கொடுக்க ஒவ்வொருவரிடமும் பெயர், பிறந்த தேதி, விலாசம் எழுதிக் கையெழுத்து வாங்கியாக வேண்டுமே. பேட்டி எடுத்தவளைத் தவிர யாரும், நீகூட, அந்தப் பெயர்களைப் பார்க்கக் கூடாது என்று விதி வைத்ததும் நீதான். அந்த உறைகள் எல்லாம் ஒட்டியபடி பல்கலைக்கழக அலுவலகத்தில் இருக்கின்றன. நீ சம்மதம் எழுதினால் டிசம்பர் பன்னிரண்டாம் தேதி குழு ஒன்று கூடிப் பிரிக்குமாம், அந்தக் குழுவில் காங் அம்மாளின் கொழுந்தன் இருக்கிறார். மறுத்தால் அடுத்த வருட மானியம் கிடையாது, சேரிமுக்குச் சம்பளமும் கிடையாது. போன வாரம் நீ போனில் சொன்னாய், “எல்லாரும் விவரம் தெரிஞ்சவங்கம்மா, தெரிஞ்சுதான கையெழுத்துப் போட்டாங்க, பேரு மேல கறுப்பு மை பூசித்தான் வெளிய குடுப்பாங்க” என்று. மை பூசுகிறவன் படித்துவிட்டுத்தானே பூசுவான், மகளே.

சேரிம் ஏன் என்னைத் தேடி வந்தாள் என்று இதற்குள் யோசித்திருப்பாய். அறிக்கையின் முதல் பக்கத்தில் பதினோராம் எண் சொன்னதைப் போட்டுவிட்டு, போன வசந்தத்தில் எனக்குப் போனில் படித்துக் காட்டினாயே, “நாப்பது வருஷமா அவ பேர வாய்விட்டுச் சொன்னதில்ல, ஆனா தெனம் சோத்துக்கு ஒக்காரும்போது அவளுக்கும் ஒரு ஸ்பூன் எடுத்துட்டுத் திரும்ப வைக்கிறேன்” என்று. நீ படித்துக்கொண்டே அழுதாய், நான் வெங்காயம் உரிப்பதாகச் சொன்னேன். அன்று வீட்டில் வெங்காயமே இல்லை. சின்ன வயதில் நீயே கேட்பாய், ஏம்மா ஒரு ஸ்பூன் கூட எடுக்கிற என்று, நான் எண்ணத் தெரியாதவள் என்று உன் அப்பா கேலி செய்வார். அவருக்கு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை, அவர் போகும்வரை பக்கத்தில் இருந்தேன். அவள் பெயர் இம்சுன். கல்யாணத்துக்கு முன் இக்சான் நூல் ஆலை விடுதியில் ஐந்து வருடம் இருவருக்கும் ஒரே போர்வை. இதைக் காங் அம்மாள் வாயிலிருந்து நீ கேட்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். என்ன முடிவு எடுப்பது என்று உனக்குத்தான் தெரியும், நான் கெஞ்சவில்லை. இருபத்திரண்டு எண்கள் என்று நினைத்து மட்டும் சம்மதம் எழுதிவிடாதே.

நீ புறப்படும்போது கொடுத்த கம்பளி உள்ளாடை அந்த ஐம்பதாயிரம் வோனில் வாங்கியதுதான், மறக்காமல் போட்டுக்கொள், தைராய்டு மாத்திரையை விட்டுவிடாதே. பன்னிரண்டாம் தேதிக்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வர வேண்டும் என்று ஜெபிக்கிறேன். கர்த்தர் உன் தலைக்கு ஒன்றும் வராமல் காப்பார்.

உன் தாளிலும் காங் அம்மாள் தாளிலும் போட்ட அதே கையெழுத்தில்,
உன் அம்மா
மா யோங்சுக்