அமன்சிம்தோதி என்று முழுசாகச் சொல்

அன்பு மகன் வுசுமுஸிக்கு,

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். இருமல் நின்றதா? மருமகள் நலமா?

லீட்ஸில் குளிர் தொடங்கிவிட்டது. போன வாரம், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் படிக்கட்டில் லேசாக மயங்கிவிட்டேன். மருத்துவமனையில் படுக்கவைத்தார்கள். பயப்படாதே, அவர்களுடைய தேநீரைத்தான் தாங்க முடியவில்லை.

அங்கே படுத்திருந்தபோது, ஜோகன்னஸ்பர்க்கில் இறந்த உன் அப்பாவின் ஆவியை அங்கிருந்து வீட்டுக்கு அழைத்துவந்த நாள் நினைவுக்கு வந்தது. அவர் ஆவி தங்கிவரும் முள்மரக் கிளையைக் கையில் பிடித்து, வழியில் வந்த ஊர்ப்பெயர்களை எல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தாய். கடைசியில் நம் அமன்சிம்தோதி வந்ததும், "பாபா, டோட்டி வந்துடுச்சு" என்றாய்.

உன் பெரியப்பா விடவில்லை. "டேய் வெள்ளைக்காரா, உங்கப்பன் அப்படி ஒரு ஊரைக் கேள்விப்பட்டதே இல்லடா. முழுப்பேரைச் சொல்லு, இல்லன்னா ஜோகன்னஸ்பர்க்குக்கே திரும்பிப் போயிடுவான்!"

கிளை பிடித்தவன் மற்றவரோடு பேசக்கூடாது என்பதையும் மறந்து, "ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க பெரியப்பா" என்று முணுமுணுத்தாய்.

எனக்கும் ஆங்கிலம் தெரியும், கன்னியாஸ்திரீகள் கற்றுக்கொடுத்தார்கள். ஆனாலும் ஊர்ப்பெயரை நான் ஒருநாளும் வெட்டிச் சொன்னதில்லை. என்னை அழைக்க வரும்போது அமன்சிம்தோதி என்று முழுசாகச் சொல்.

கம்பளிக் காலுறை அனுப்பு. இங்கே வாங்கியவை உறுத்துகின்றன. வேலைக்கு நேரமாகிவிட்டது.

நாக்கு புரளாவிட்டால் டோட்டி என்றே சொல், பரவாயில்லை. கிளையை மட்டும் வேறு யாரிடமும் கொடுத்தனுப்பாதே. நீயே வா.

அம்மா