யார் ரத்தம்

மார்ச் 3

மகனின் அம்மாவுக்கு,

நீங்கள் இருவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதினொரு வருடம் கழித்து எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி.

என் இடது காது மந்தமாகிவிட்டது. ஸ்கேனில் காது நரம்பில் கட்டி என்றார்கள். என் ஆறு வயதுப் பெண்ணும் ஒரு மாதமாக டிவியை அலறவைக்கிறாள். "குடும்பத்துல வேற யாருக்காவது?" என்று நரம்பு டாக்டர் கேட்டார். மகனைச் சொன்னேன். அவனுடைய மரபணு ரிப்போர்ட் வேண்டுமாம். என் ரத்தத்தில் எதுவும் தெளிவாகப் பிடிபடவில்லை; கோளாறு உடம்பின் சில செல்களில் மட்டும் இருந்தால் அப்படி ஆகுமாம். அவன் ரிப்போர்ட் இருந்தால்தான் குழந்தைக்கு எதைத் தேடுவதென்று தெரியுமாம்.

என் இப்போதைய மனைவியின் அம்மா வழியிலும் யாருக்கோ காது கேட்காது என்று கேள்வி.

டாக்டரின் முகவரி கீழே. நேராக அவருக்கே அனுப்பினாலும் சரி. பழையதைக் கிளறாதே.

அவன் அப்பா

மார்ச் 9

ஐயா அவர்களுக்கு,

உங்கள் மகனுக்கு இருபத்திரண்டு வயது. இரண்டு காதும் போய் ஒன்பது வருடமாகிறது. எழுதிக் காட்டினால்தான் அவனுக்கு எதுவும் புரியும்.

நரம்பைச் சுற்றிய செல்களில் மெர்லின் என்று ஒரு புரதம் உண்டு. "போதும், வளராதே" என்று செல்லை அதட்டி உட்காரவைப்பதுதான் அதன் வேலை. அது கெட்டால் நரம்பில் கட்டி முளைக்கும். அவனுக்கு அது பிறவியிலேயே கெட்டிருந்தது. அவனைப் பார்த்த டாக்டரம்மா படம் போட்டு எனக்குச் சொல்லித்தந்தார்.

உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உங்கள் வீட்டுக் கூடத்தில், இரண்டு அக்காக்களும் சித்தப்பாவும் உட்கார்ந்திருக்க, "எங்க வம்சத்துல செவிடு கிடையாது. இது இவ கொண்டுவந்த ரத்தம்" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். அப்போது அவனுக்கு ஒரு காது நன்றாகவே கேட்டது.

என் ரத்தத்தைச் சோதித்தாயிற்று. அதில் குறை இல்லை.

ரிப்போர்ட் வேண்டுமென்றால், அதே கூடத்தில், அதே மூன்று பேர் முன்னால், "இது என் ரத்தம்" என்று சொல்லுங்கள். பிறகு அவனுக்கு உங்கள் கைப்பட எழுதுங்கள்.

கிளறத்தான் போகிறேன்.

நீங்கள் துரத்திவிட்டவள்

மார்ச் 17

மகனின் அம்மாவுக்கு,

சொன்னேன். சித்தப்பா இப்போது டமாரச் செவிடு. "என்னடா முணுமுணுக்கிறே, சத்தமா சொல்லு" என்று மூன்று தடவை சொல்லவைத்தார். பெரியக்கா பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். சின்னக்கா, "அப்போ அந்தப் பொண்ணை எதுக்குடா விரட்டினே?" என்றாள். விரட்டச் சொன்னதே அவள்தான்.

மகனுக்கு எழுதியது இத்துடன் இருக்கிறது. என் மேல் உள்ள ஆத்திரத்தைக் குழந்தை மேல் காட்டாதே. காலில் விழுந்ததாக வைத்துக்கொள். ரிப்போர்ட்டை அனுப்பு.

அவன் அப்பா

மார்ச் 24

ஐயா அவர்களுக்கு,

உங்கள் முதல் கடிதம் கிடைத்த அன்றே ரிப்போர்ட் டாக்டருக்குப் போய்விட்டது. உங்கள் மனைவி குழந்தையைக் கூட்டிப்போய் ரத்தம் கொடுத்து, ஸ்கேனும் எடுத்தாயிற்று. குழந்தைக்கும் அதே கோளாறுதான். கட்டி மிளகளவு. சீக்கிரமே கண்டுபிடித்ததால் காதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தையிடம் வஞ்சம் தீர்க்க நான் என்ன நீங்களா?

உங்கள் மனைவி டாக்டரிடம் என் நம்பரை வாங்கி என்னோடு போனில் பேசினாள். "அவர்கிட்ட ரெண்டு வாரம் சொல்லாம இரும்மா" என்றேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "ரெண்டு மாசம் ஆனாலும் சரிக்கா. தினமும் எங்க அம்மா வழியைத்தான் தோண்டிக்கிட்டிருக்காரு" என்றாள்.

ஆகவே, உங்களைக் கூடத்தில் நிறுத்தியது ரிப்போர்ட்டுக்காக இல்லை. எனக்காக. சித்தப்பா மூன்று தடவை சொல்லவைத்தார் என்று படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். என் சிரிப்பு மகனுக்குக் கேட்காது. பார்த்தான், அவனும் சிரித்தான்.

உங்கள் கடிதத்தை அவனிடம் கொடுத்தேன். அவன் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறான். நின்றபடியே படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தான். நாலு இடத்தில் மூன்று சுழி போட்டு 'மண்ணிப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். நாலையும் அடித்து இரண்டு சுழியாக்கி, என்னிடம் நீட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

அவன் வேறெதுவும் எழுதவில்லை. கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அவன் அம்மா